கதவு மூடப்பட்டபோதும் கலங்காத அன்னை

வணக்கத்துக்குரிய அன்னை மேரி எலிசபெத் லாங்கே



ஏழைகளுக்கு உதவுவது என்றதும் வசதி உள்ளவர் கொடுப்பதும் வசதி அற்றவர் பெற்றுக்கொள்வதும்தான் நம்மில் பலருடைய நினைவுக்கு வருகின்றன. நமது பங்குகளில் உண்டியல் எடுக்கும்போதும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணிமணிகள் சேகரிக்கும்போதும் இந்த எண்ணமே நமக்குள் இருக்கிறது. ஆனால் தாமே ஒதுக்கப்பட்டவராக, அகதியாக, அந்நிய மொழி பேசுபவராக வாழ்ந்த ஒரு பெண், தம்மைப்போல் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தம் வீட்டின் கதவைத் திறந்துவிட்டார். அவரைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கவிருக்கிறோம். அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வாழ்ந்த அன்னை மேரி எலிசபெத் லாங்கே.

18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர் எலிசபெத். கியூபா நாட்டின் சாந்தியாகோ நகரில், பிரெஞ்சு மொழி பேசிய கறுப்பினக் குடும்பத்தில் வளர்ந்தார். இன்று ஹெய்ட்டி என்று நாம் அழைக்கும் தீவுப் பகுதியில் 1791ஆம் ஆண்டு அடிமைகளின் பெரும் எழுச்சி வெடித்தது. அதிலிருந்து தப்பிய பல குடும்பங்கள் கியூபாவிலும் அமெரிக்கத் துறைமுக நகரங்களிலும் அடைக்கலம் தேடின. அவற்றுள் ஒன்று பால்டிமோர். எலிசபெத்தும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கு வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு பேசும் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் கணிசமாக இருந்தனர். சல்பீசிய குருக்கள் நடத்திய புனித மரியா குருமடத்தின் கீழ்த்தளச் சிற்றாலயத்தில் அவர்கள் கூடிச் செபித்தார்கள்.

பால்டிமோர் இருந்த மேரிலாந்து மாநிலம் அடிமைத்தனத்தைச் சட்டமாக வைத்திருந்த மாநிலம். எலிசபெத் யாருக்கும் அடிமையல்ல. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் அங்கே மதிப்பு இருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசு பள்ளிக்கூடம் எதையும் நடத்தவில்லை. தெருவில் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் அந்தப் பிள்ளைகளை எலிசபெத் நாள்தோறும் பார்த்தார். யாராவது பெரியவர்கள் ஏதாவது செய்வார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. தம்மிடம் இருந்த பணத்தைக்கொண்டு, தோழி மேரி மக்தலேன் பாலாஸ் உடன் சேர்ந்து, தமது வீட்டிலேயே இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பால்டிமோரின் கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்த வீடே பள்ளியானது.

கையிருப்புக் கரையக் கரைய அந்தப் பணியைத் தொடர்வது கடினமாயிற்று. அந்த வேளையில்தான் அருட்தந்தை ஜேம்ஸ் ஹெக்டர் ஜூபேர் அவருடைய வாழ்வில் நுழைகிறார். பிரான்சில் பிறந்த இந்தச் சல்பீசிய குரு, மேற்சொன்ன அடிமைகளின் எழுச்சியின்போது அந்தத் தீவிலிருந்து தப்பி வந்தவர். அத்தகைய அனுபவம் உள்ள ஒருவர் கறுப்பின மக்கள்மீது கசப்பு கொண்டிருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் அவர் 1827ஆம் ஆண்டு கறுப்பினப் பிள்ளைகளின் மறைக்கல்விப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாததால் மறைக்கல்வி மனதில் பதியவில்லை என்பதைக் கண்டார். பள்ளி ஒன்று வேண்டும் என்று முடிவுசெய்து, ஆசிரியர்களைத் தேடியபோது, ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருந்த எலிசபெத்தையும் மேரி பாலாஸையும் கண்டுகொண்டார்.

துறவற வாழ்வுக்கு அழைப்பு பெற்றிருப்பதாகவும், அதற்கான வழி தெரியாமல் பல ஆண்டுகளாகக் காத்திருப்பதாகவும் அந்தப் பெண்கள் அவரிடம் கூறினார்கள். கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் துறவற சபை எதுவும் அன்று அந்த நாட்டில் இல்லை. 1828ஆம் ஆண்டு ஒரு வாடகை வீட்டில் ஏறக்குறைய 20 சிறுமிகளோடு பள்ளி தொடங்கியது. அதுவே உரோமை நகர் புனித பிரான்சிஸ்காவின் பெயரைத் தாங்கிய பள்ளியாக வளர்ந்தது. மறைக்கல்வி, பிரெஞ்சு, ஆங்கிலம், கணக்கு, கையெழுத்து, தையல் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. கட்டணம் செலுத்த முடியாத ஏழைப் பிள்ளைகளையும் அனாதைகளையும் சகோதரிகள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

1829ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் எலிசபெத் லாங்கே, மேரி பாலாஸ், ரோசின் போக், தெரேசா டுஷ்மேன் ஆகிய நால்வரும் தங்கள் முதல் வார்த்தைப்பாடுகளை அளித்தனர். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கென்று அமெரிக்காவில் தோன்றி நிலைத்து நின்ற முதல் துறவற சபை இவ்வாறு பிறந்தது. இறைபராமரிப்பின் அர்ப்பணச் சகோதரிகள் என்று அதற்குப் பெயர். எலிசபெத் மேரி என்ற துறவறப் பெயரைப் பெற்று முதல் தலைவியானார். 1831ஆம் ஆண்டு திருத்தந்தை 16ஆம் கிரகோரி இந்தச் சபைக்கு ஒப்புதல் வழங்கினார்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பினப் பெண்கள் துறவற உடை அணிவதா என்று கத்தோலிக்கர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அந்நாளைய திருஅவையின் நிலையையும் நாம் மறைக்காமல் பார்க்க வேண்டும். ஆயர்கள், குருக்கள், துறவற இல்லங்கள் எனப் பலரும் அடிமைகளை வைத்திருந்த காலம் அது. மேரிலாந்தின் இயேசு சபையினர் 1838ஆம் ஆண்டு தங்கள் உடைமையாக வைத்திருந்த 272 பேரை விற்றது வரலாறு. அந்தத் திருஅவையைத்தான் மேரி லாங்கே தம் தாயாக ஏற்றுக்கொண்டு அன்பு செய்தார்.

1832ஆம் ஆண்டு பால்டிமோரைக் காலரா தாக்கியது. நகரின் ஏழையர் இல்லத்தில் நோயாளிகளைக் கவனிக்க ஆள் இல்லை. அதன் பொறுப்பாளர்கள் நான்கு சகோதரிகளை அனுப்பும்படி கேட்டனர். காலராவுக்கு மருந்து தெரியாத காலம் அது. போகிறவர் திரும்பி வருவது உறுதியல்ல. அருட்தந்தை ஜூபேர் இதைச் சகோதரிகளிடம் சொன்னபோது, சபையில் இருந்த 11 பேருமே தாங்கள் போகத் தயார் என்றார்கள். நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் தலைவியாகிய அன்னை மேரியே. தம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் பின்னால் நிற்கும் தலைவியாக அவர் இருக்கவில்லை.

அந்த நால்வரில் அந்தோனி டுஷ்மேன் என்ற சகோதரியும் ஒருவர். முதல் நால்வரில் ஒருவரான தெரேசாவின் சொந்தத் தாய் இவர். ஏழையர் இல்லப் பணியை முடித்தபின், காலராவால் தாக்கப்பட்ட பேராயர் விட்ஃபீல்டையும் இவர் பராமரித்தார். பேராயர் பிழைத்துக்கொண்டார். அடுத்து அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணைக் கவனித்தபோது நோய் இவரைப் பற்றிக்கொண்டது. அந்தோனி இறந்தார். துறவற உடைக்குத் தகுதியற்றவர்கள் என்று சிலரால் கருதப்பட்ட பெண்களில் ஒருவர், அந்த உடையிலேயே தம் உயிரைக் கொடுத்தார்.

1835ஆம் ஆண்டு நடந்த இன்னொரு நிகழ்வும் நம் கவனத்துக்குரியது. குருமடத்தின் சமையல், வீட்டு வேலைகளைச் சகோதரிகள் மேற்பார்வை செய்ய முடியுமா என்று கேட்கப்பட்டது. குருமடத்துக்குத் தாங்கள் நன்றிக்கடன் பட்டிருப்பதாக எண்ணிய அன்னை மேரி சம்மதித்தார். ஆனால் சம்மதத்தோடு சில நிபந்தனைகளையும் பணிவாக எழுதி அனுப்பினார். தாங்கள் கறுப்பினத்தவர் என்பதை மறந்துவிடவில்லை, அதேவேளை தாங்கள் துறவிகள் என்பதையும் மறக்க முடியாது, ஆகவே துறவற உடைக்குரிய மதிப்பு காக்கப்பட வேண்டும் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். தாழ்ச்சி என்பது தன்னை மிதிக்க விடுவது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக நமக்கு யார் கற்பிக்க முடியும்! பாத்திரம் கழுவ அவர் வெட்கப்படவில்லை. கழுவும் கைகள் கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டவை என்பதை மற்றவர்கள் மறப்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை.

மிகப் பெரிய சோதனை அதற்குப் பிறகே வந்தது. 1843ஆம் ஆண்டு அருட்தந்தை ஜூபேர் இறந்தார். சபைக்குத் துணையாக நின்ற ஒரே குருவும் போய்விட்டார். புதிய வழிகாட்டியை நியமிக்க அன்றைய பேராயர் எக்கிள்ஸ்டன் அக்கறை காட்டவில்லை. கறுப்பினச் சகோதரிகள் தேவையில்லை, இவர்கள் கலைந்து வீட்டு வேலைக்குப் போகலாம் என்ற எண்ணமே மேலிடத்தில் இருந்தது. மாணவியர் எண்ணிக்கை குறைந்தது. புதிதாகச் சேருவோர் இல்லை. 1845ஆம் ஆண்டு, முதல் நால்வரில் ஒருவரான தெரேசா டுஷ்மேன், இந்தச் சபைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று கருதி மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றார். அங்கே மரியாவின் மாசற்ற இதய ஊழியர் சபை உருவாக அவர் காரணமானார். அவரை நாம் குறைகூற வேண்டியதில்லை. கடவுள் அவருக்கு வேறொரு வயலைக் காட்டினார். ஆனால் தாயைப் பறிகொடுத்து, தம்மோடு வார்த்தைப்பாடு அளித்த அந்த மகள் வெளியேறியபோது அன்னை மேரியின் மனம் எப்படி இருந்திருக்கும்!

அன்னை மேரி போகவில்லை. எஞ்சிய சகோதரிகளோடு துணி துவைத்தார், இஸ்திரி போட்டார், தையல் வேலை செய்தார். அந்தக் கூலியில் அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். பள்ளியை ஒருநாளும் மூடவில்லை. பேராயருக்கு எதிராகக் கொடி பிடிக்கவும் இல்லை, கலைந்து போகவும் இல்லை. தாம் பெற்ற அழைப்பு மனிதர் கொடுத்தது அல்ல, ஆகவே மனிதர் எடுத்துவிட முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சபையின் பெயரிலேயே இருந்த இறைபராமரிப்பை அவர் வெறும் பெயராக எண்ணவில்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1847ஆம் ஆண்டு, உலக மீட்பர் சபையைச் சேர்ந்த ஜான் நியூமன், இந்தச் சகோதரிகளின் நிலையைக் கண்டு மனம் வருந்தினார். பின்னாளில் பிலடெல்பியாவின் ஆயராகி, 1977ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பட்டவர் இவரே. இவருடைய தூண்டுதலால் தாதேயு அன்வாண்டர் என்ற இளம் குரு பேராயரிடம் சென்று, முழங்காலில் விழுந்து, இந்தச் சபைக்கு உதவ அனுமதி கேட்டதாகச் சபையின் வரலாறு கூறுகிறது. அனுமதி கிடைத்தது. சபை மீண்டும் துளிர்த்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் பள்ளி உருவானது.

1864ஆம் ஆண்டு மேரிலாந்தில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரினால் பெற்றோரை இழந்த கறுப்பினக் குழந்தைகள் பலர் பால்டிமோர் வந்து சேர்ந்தனர். முதுமை அடைந்திருந்த அன்னை மேரியின் சபை அவர்களுக்கும் இல்லம் அமைத்தது. வார்த்தைப்பாடு அளித்து அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்த அன்னை, 1882ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1900ஆம் ஆண்டு, அவர் வளர்ந்த கியூபா நாட்டுக்கே அவருடைய சகோதரிகள் பணியாற்றச் சென்றார்கள். 1828ஆம் ஆண்டு வாடகை வீட்டில் தொடங்கிய அந்தப் பள்ளி இன்றும் பால்டிமோரில் நடைபெற்று வருகிறது.

அவரைப் புனிதராக்கும் முயற்சிகள் பால்டிமோர் உயர்மறைமாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கின. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய வீரத்துவமான புண்ணிய வாழ்வை ஏற்று, வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். ஒரு காலத்தில் அவருடைய சபை கலைந்தால் நல்லது என்று நினைத்த அதே உயர்மறைமாவட்டம்தான் அவரை இன்று பீடத்தின் மகிமைக்காக முன்வைக்கிறது. கடவுள் தம் நேரத்தில் செய்யும் நீதி இது.

அன்பார்ந்தவர்களே, அன்னை மேரி லாங்கேயின் வாழ்வு நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. நம்மிடம் வசதி வந்தபிறகு உதவலாம் என்று நாம் தள்ளிப்போட்ட நற்செயல்கள் எத்தனை? நமது பங்கிலோ குடும்பத்திலோ, நிறத்தையோ பிறப்பையோ படிப்பையோ பார்த்து, இந்தப் பணிக்கு நீ தகுதியில்லை என்று நாம் ஒதுக்கிவைத்தவர்கள் எத்தனை பேர்? திருஅவைக்குள்ளேயே காயம் பட்டபோது, கசந்துபோய் விலகிவிடாமல் நம் கடமையைத் தொடர்ந்து செய்தோமா?

நம்மில் சிலர் இன்று மூடிய கதவின் முன் நிற்கலாம். சிலர் அந்தக் கதவை மூடியவர்களாகவும் இருக்கலாம். முதலாமவர்கள் அன்னை மேரியைப் பார்த்து மனம் தளராதிருக்கட்டும். இரண்டாமவர்கள், பேராயர் முன் முழங்காலிட்ட அந்த இளம் குருவை நினைத்து, பிறருக்காகப் பரிந்து பேசக் கற்றுக்கொள்ளட்டும். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தம் வீட்டைத் திறந்த வணக்கத்துக்குரிய அன்னை மேரி லாங்கேயின் மனதை, இறைபராமரிப்பின் ஆண்டவர் நமக்கும் அருள்வாராக.