சி. இராஜம்

ஈட்டிய பொருளைப் பூட்டிக் காப்போர் பலர். பிறர்க்கு ஈவோர் சிலர். தாம் குடியிருந்த மாளிகையையே விற்றுக் கல்விச்சாலை எழுப்பினோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சின்னசாமி இராஜம்.

இவர் 1882ஆம் ஆண்டில் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் பிறந்தார். தொழில் துறையில் ஈடுபட்டுத் தம் உழைப்பால் பெருஞ்செல்வம் சேர்த்தார். சென்னையில் இவர் வாழ்ந்த மாளிகை, இந்தியா ஹவுஸ் என்னும் பெயர் பெற்றது.

1947இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும், எந்திரங்களை ஆக்கவும் பழுது நீக்கவும் தேர்ந்த பொறியாளர் போதிய அளவில் இல்லை. இக்குறையை எண்ணி இராஜம் வருந்தினார். வருந்தியதோடு அமையாது தம் மாளிகையை விற்றார். அப்பொருளை முதலாகக் கொண்டு 1949இல் தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவர் அகவை ஏறத்தாழ 67. பலர் ஓய்வை நாடும் அப்பருவத்தில் அவர் புதிய பணியைத் தொடங்கினார். அறிவியல் பட்டம் பெற்றோர்க்கு அங்கே வானூர்தி, மோட்டார் வண்டி, மின்னணுவியல், அளவைக் கருவிகள் ஆகிய அரிய துறைகளில் பயிற்சி தரப்பட்டது.

மோட்டார் வண்டித் துறை மாணவர் கற்பவற்றுள் ஒன்று, எஞ்சினின் எரிமுறை வரிசை. நான்கு உருளைகளை உடைய எஞ்சினில் அவை அனைத்தும் ஒருசேர எரிவதில்லை. ஒவ்வோர் உருளையிலும் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என நான்கு செயல்கள் நிகழும். அவை முடிவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழலும். எனவே, அரைச் சுற்றுக்கு ஓர் உருளை வீதம் எரிதல் வேண்டும். பொதுவாக ஒன்றாம் உருளையும் நான்காம் உருளையும் தம் பிஸ்டன்களை ஒருங்கே உயர்த்தும்போது, ஏனைய இரண்டும் தாழ்த்தும். ஆதலின் 1, 2, 3, 4 என எண் வரிசையில் எரித்தல் இயலாது. 1, 3, 4, 2 என்பதே பெரும்பாலும் பின்பற்றப்படும் வரிசையாகும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் கம்பிகளுள் இரண்டு இடம் மாறினும் எஞ்சின் தடுமாறும். முறைப்படி எரிந்தாலோ, விட்டுவிட்டு எழும் விசை இடையறாத ஓட்டமாகும்.

இத்தகைய நுட்பங்களைப் பிறநாட்டார் கைபாராது நம் இளைஞரே கற்றுத் தேர்தல் வேண்டும் என்பதே இராஜத்தின் வேட்கை. அவர் 1955இல் மறைந்தார். அவர் தோற்றுவித்த நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். எழுத்தாளர் சுஜாதாவும் அந்நிறுவன மாணவரே. 1978இல் அந்நிறுவனம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

விற்ற மாளிகையில் வாழ்ந்தது ஒரு குடும்பம். அதன் விலையால் எழுந்த கல்விச்சாலையிலோ வாழ்வு பெற்றோர் பல்லாயிரவர். செல்வத்துப் பயன் ஈதல் என்பதற்கு இராஜத்தின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.