லூயிஜி கல்வானி (1737 – 1798)

மாணவர்களே, ஆய்வுகூடத்தில் நீங்கள் பயன்படுத்தும் கல்வனோமானி யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது தெரியுமா? தவளைக் கால்களை ஆராய்ந்த ஒரு மருத்துவரின் பெயரை!

லூயிஜி கல்வானி 1737 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, அங்கேயே உடலமைப்பியல் போதித்தார்.

ஒரு நாள் அவரது ஆய்வுகூடத்தில் மின்பொறியிலிருந்து தீப்பொறி எழுந்த வேளையில், வெட்டி வைத்திருந்த தவளையின் நரம்பை உதவியாளரின் கத்தி தொட்டது. உயிரற்ற கால் உதைத்தது. பின்னர், பித்தளைக் கொளுக்கியில் தொங்கிய தவளைக்கால் இரும்பில் பட்டபோது, மின்பொறி இல்லாமலே தசை சுருங்குவதையும் அவதானித்தார். விலங்குகளின் உடலிலேயே மின் உண்டு என முடிவுசெய்து, 1791 இல் நூலாக வெளியிட்டார்.

பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்ற்றா இதனை மறுத்தார். இருவகை உலோகங்கள் சேர்வதாலேயே மின் உண்டாகிறது, தவளைக்கால் அதனைக் காட்டும் கருவி மட்டுமே என்றார். கல்வானி விடவில்லை. உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையில் நேரடியாகப் படச்செய்து கால் சுருங்குவதைக் காட்டினார்.

இதற்கிடையில் நெப்போலியனின் படை வட இத்தாலியைக் கைப்பற்றியது. புதிய குடியரசுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மனச்சாட்சி இடந்தராததால் கல்வானி மறுத்தார். பதவியையும் வருமானத்தையும் இழந்தார். 1798 டிசெம்பர் 4 ஆம் திகதி காலமானார்.

1800 இல் வோல்ற்றா நாகத் தட்டுகளையும் வெள்ளி அல்லது செப்புத் தட்டுகளையும் அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணி வைத்து மின்கல அடுக்கை அமைத்தார். அதனால் தொடர்ச்சியான மின்னோட்டம் கிடைத்தது. 1820 இல் ஏர்ஸ்டெட் மின்னோட்டத்தின் அருகில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்காந்தவியல் பிறந்தது. இத்தத்துவத்தில் இயங்குவதே கல்வனோமானி.

அக்கருவியே பின்னர் கல்வானிக்குச் சாட்சி சொன்னது. 1840களில் டு புவா ரேமொண்ட் அதன் மூலம் நரம்பிலும் தசையிலும் மின்னோட்டத்தை அளந்தார். 1900களின் தொடக்கத்தில் ஐந்தோவன் உணர்திறன் மிக்க கல்வனோமானியால் இதயத்தின் மின் மாற்றங்களைப் பதிவுசெய்தார். இன்று வைத்தியசாலையில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. அதன் வழிவந்ததே.

ஆகவே, விடை எழுதும்போது கல்வானி தோற்றார் என்று எழுதிவிடாதீர்கள். கொளுக்கிப் பரிசோதனையில் உலோகங்களின் பங்கை வோல்ற்றா சரியாகக் கண்டார். உடலில் மின் உண்டு என்பதைக் கல்வானி சரியாகக் கண்டார். சோடியம், பொற்றாசியம் அயன்கள் கலமென்சவ்வினூடாக அசைவதாலேயே நரம்புக் கணத்தாக்கம் உண்டாகிறது என்பதை இன்று நாம் அறிவோம்.