பாஸ்டரின் புட்டியும் நம் ஐஸ் பெட்டியும்

பிரான்ஸில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாக 1822-இல் பிறந்தவர் லூயி பாஸ்டர். அவர் சிறுவனாக இருந்தபோது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவர் வளர்ந்த அர்புவா பகுதியில் பலரைக் கடித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதுதான் அன்றைய வைத்தியம்.

பாஸ்டர் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். பட்டுப்புழு நோய், கோழிக் காலரா, ஆடு மாடுகளின் அடைப்பான் என்று விவசாயிகளின் தொல்லைகளையே முதலில் கையில் எடுத்தார். அடைப்பான் தடுப்பூசியை 1881-இல் ஒரு பண்ணையில் பலர் முன்னிலையில் போட்டுக் காட்டினார்.

அடுத்தது வெறிநோய். நோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை, ஈரம் உறிஞ்சும் காரம் இட்ட புட்டிக்குள் சுமார் 23 டிகிரி வெப்பத்தில் தொங்கவிட்டார். நாளாக ஆகக் கிருமி வலுவிழந்தது. 14 நாளில் நோய் உண்டாக்கும் சக்தியே போனது. 1885 ஜூலை 6 அன்று, நாய் கடித்த 9 வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு நன்றாகக் காய்ந்ததில் தொடங்கி, படிப்படியாக வீரியம் கூட்டி 13 ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான்.

தொலைவுக்கு அனுப்பத் தோதில்லாத மருந்து அது. 1886-இல் ஓநாய் கடித்த 19 ரஷ்யர்கள் பாரிஸுக்கே வந்தார்கள். 16 பேர் பிழைத்தனர். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-இல் காலமானார். உலக வெறிநோய் தினம் அந்த நாளில்தான். அவர் பெயரில் கசௌலியில் 1900-லும் நம் குன்னூரில் 1907-லும் நிலையங்கள் வந்தன.

இன்றைய ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அதனால் நோய் வராது. ஆனால் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் அதன் புரதம் சூட்டில் சிதையும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில், மே மாத வெயிலில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் பெட்டியில் வரும் மருந்தின் நிலையை யோசியுங்கள். நாய் கடித்த கறவை மாட்டுக்கு 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களில் ஊசி போடுவது வழக்கம். ஐந்தையும் ஒரேயடியாக வாங்கி வீட்டில் வைப்பவர்கள் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. கால்நடை ஊசிகள் பலவற்றில் அலுமினியச் சேர்மம் உண்டு. உறைந்தால் அது திரிந்துவிடும், உருக்கினாலும் வீரியம் திரும்பாது. கெட்ட மருந்தும் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம்.

நாய்களுக்கான ஒரு ரகத் தடுப்பூசி 25 டிகிரியில் 6 மாதம் இருந்தும் வேலை செய்ததாகத் தான்சானியா ஆய்வு காட்டியது. அது அந்த ஒரு மருந்துக்கு மட்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். முடிந்தால் அந்தந்த நாளுக்கு ஒன்றாக வாங்குங்கள்.