வங்கத்துச் சீனப்பெருமதில்: கோஷ்டபாலர் வரலாறு

யூபிலி மலர் என்றால் வென்றோர் பெயர்களே நிரம்பியிருத்தல் வழக்கம். கிண்ணம் பெற்ற ஆண்டு, கிண்ணத்தோடு அமர்ந்த பதினொருவர், பயிற்றிய ஆசிரியர், நடுவே அதிபர் எனப் படங்கள் வரிசையாக வரும். தோற்ற ஆண்டுகளுக்குப் படம் எடுப்பாரில்லை. ஆயினும் உதைபந்தாட்டத்தில் நம் கல்லூரிக்கு வென்ற ஆண்டுகளினும் தோற்ற ஆண்டுகளே மிகுதி என்பதைப் பழைய மாணவராகிய நாம் நன்கறிவோம். எல்லைக்கோட்டருகே நின்று தொண்டை கட்டுமளவும் கூவிவிட்டு, நான்கு கோல்களை வாங்கிய துயரோடு, சைக்கிளை உருட்டிக்கொண்டு குளக்கட்டு வழியே வீடு திரும்பிய மாலைகள் நமக்குப் பல. மத்தியஸ்தரைப் பழித்தும், காற்றைப் பழித்தும், கோல்காவலன் உறங்கிவிட்டான் என்று நொந்தும் மனத்தை ஆற்றிக்கொண்டோம். இப்பொழுதோ, தோல்வி தொடர்வதைக் கண்டு, இவ்வாட்டத்தைக் கைவிட்டு அந்நேரத்தையும் பணத்தையும் படிப்பிற் செலவிடலாகாதா என்று வினவுவோரும் நம்முள் எழுந்துள்ளனர். அவ்வினா எழுந்த வேளையிலே நம் நினைவுக்கு வந்தவர் கல்கத்தாவின் கோஷ்டபாலர். அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கல்கத்தாவுக்கும் வன்னிக்கும் யாது தொடர்பு என்று கேட்பார்க்கு ஒன்று கூறலாம். மேல்நாட்டிலிருந்து மீண்ட சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியிலே கொழும்பிற் கரையிறங்கி, அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தெருவழியே சென்றபோது, வவுனியாவில் இந்துமக்கள் வரவேற்புப் பத்திரம் அளித்து அவரை உபசரித்தனர். அதன்பின் சென்னையை அடைந்த சுவாமிகள், கீதையைப் படிப்பதினும் உதைபந்து ஆடுவதனால் இளைஞர் விண்ணுலகை அணுகுவர் என்னும் கருத்தைக் கூறினார். கீதையைக் கைவிடும்படி அவர் கூறவில்லை. உடல்வலியும் நெஞ்சுரமும் உற்ற பின்னர் அதனை இன்னும் நன்றாக விளங்கிக்கொள்ளலாம் என்பதே அவர் கருத்து. அவர் பிறந்த வடகல்கத்தாவிலேயே உதைபந்து அந்நாளில் வேரூன்றிக்கொண்டிருந்தது. மோகன் பகான் என்னும் சங்கம் 1889 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அங்கே தோன்றியது.

கோஷ்டபாலர் 1896 ஆகஸ்ட் 20-ஆம் நாள் கிழக்கு வங்கத்திலே பரீத்பூர் மாவட்டத்துப் போஜேஸ்வர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வங்கமொழியில் கோஷ்டோ பால் என்பர். அவ்வூர் இன்று வங்காளதேச எல்லைக்குள் உள்ளது. இளமையிலேயே கல்கத்தாவை அடைந்து, குமார்துலிப் பகுதியில் ஆடத்தொடங்கினார். துர்க்கை பூசைக்குரிய களிமண் திருவுருவங்களை வனையும் குயவர் வாழும் இடம் குமார்துலி. ஆற்றங்கரைச் சேற்றிலே பழகிய கால்கள் அவருடையவை. பிற்காலத்தில் அச்சேறே அவருக்குப் பகையாயிற்று.

அவருக்குப் பதினைந்து வயது நிரம்புமுன்னரே, 1911 சூலை 29-ஆம் நாள், இந்திய உதைபந்தாட்டத்தின் பெருநாள் வந்தது. ஐ. எப். ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்திலே மோகன் பகான், கிழக்கு யோர்க்ஷயர்ப் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. பதினொருவருள் ஒருவரே சப்பாத்து அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். ஆட்டத்தைக் காண இயலாமல் தூரத்தே நின்ற பல்லாயிரவருக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டே கோல்கணக்கை அறிவித்தனர். 1905-இல் வங்கம் பிளக்கப்பட்ட புண் ஆறாத காலம் அது. ஆதலின் அவ்வெற்றி ஓர் ஆட்டத்தின் வெற்றியாக மட்டும் கொள்ளப்படவில்லை.

அவ்வெற்றியே பின்னர்ச் சுமையாயிற்று. ஒருமுறை வென்ற குழு ஆண்டுதோறும் வெல்லும் என்று மக்கள் எதிர்பார்த்தனர். அவ்வெதிர்பார்ப்பு முற்றியிருந்த வேளையிலேதான், பதினாறு வயது இளைஞராகக் கோஷ்டபாலர் மோகன் பகானிற் சேர்ந்தார். 1935 வரையில், ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள், அச்சங்கத்துக்கே ஆடினார். அத்தனை ஆண்டுகளிலும் மோகன் பகான் கேடயத்தை ஒருமுறையேனும் வென்றதில்லை; கல்கத்தா லீக்கையும் வென்றதில்லை. கூச் பிகார்க் கிண்ணம் போன்ற சில பரிசுகள் கிட்டியதுண்டு. மக்கள் வேண்டியவை இரண்டும் கிட்டவில்லை. இவ்வாறிருந்தும் அம்மக்கள் தம் நெஞ்சில் எவரினும் உயரமாக வைத்துப் போற்றியது இந்த மனிதரையே.

அவர் ஆடிய இடம் வலப்பக்கப் பின்காவல். அக்காலத்து உதைபந்தாட்டத்திலே பின்காவலர் இருவரே. பந்தை முன்னே நிற்பவனுக்குச் செலுத்தும்போது, அவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியார் மூவரேனும் நிற்றல் வேண்டும் என்ற விதி 1925 வரையில் நிலவியது. பின்னரே அது இருவர் என மாறிற்று. ஆகவே துணிவும் கணிப்பும் உடைய ஒரு பின்காவலர், ஓரடி முன்வைத்தே எதிரணி முழுவதையும் தடுத்துவிடலாம். கோஷ்டபாலர் அக்கணிப்பில் வல்லவர். சப்பாத்தணிந்த வெள்ளைப் படைவீரர் விரைந்து வருங்கால், வெறுங்காலோடு அவர்முன் நின்று பந்தைப் பறித்தெடுத்தார். இரும்பாணி பதித்த சப்பாத்தின் முன் வெறும் பாதத்தை வைத்தல் யாதென்பதை, வன்னியில் மீள்குடியேறிய முதலாண்டுகளிலே சப்பாத்தின்றி ஆடிய நம் பிள்ளைகள் நன்கறிவர். அவரைச் சீனப்பெருமதில் என்று ஊரார் அழைத்தனர். மதிலுக்குப் பின்னே நின்ற கோல்காவலருக்குப் புகழ் குறைவாயிற்றே என்று நாம் இரங்குவதும் உண்டு.

மோகன் பகான் லீக்கின் முதற்பிரிவிலே 1915-இல் நுழைந்தது. அப்பிரிவில் இந்தியச் சங்கங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்ற கட்டுப்பாடு அந்நாளில் இருந்தது. ஏனையவை வெள்ளையர் சங்கங்களும் படைப்பிரிவுகளும். அத்தகைய களத்திலே இரண்டாமிடத்தை எய்தியதும் சிறிதன்று. ஆயினும் இரண்டாமிடம் நெஞ்சை ஆற்றுவதில்லை. கடைசியிடத்தில் நிற்பவன் அடுத்த ஆண்டை நோக்கிப் பெருமூச்சு விடுவான். இரண்டாமிடத்தில் நிற்பவனோ கைநழுவிய அந்த ஒரு கோலையே எண்ணி உறங்காதிருப்பான்.

1921 முதல் அவர் தலைவரானார். 1923-ஆம் ஆண்டே அவர் வாழ்விலும் சங்கத்தின் வாழ்விலும் மிகக் கசந்த ஆண்டு எனல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மோகன் பகான் கேடயத்தின் இறுதியாட்டத்தை எட்டியது. எதிர்நின்றது கல்கத்தா உதைபந்தாட்டச் சங்கம். பெருமழை பெய்து திடல் நீரில் மூழ்கிற்று. மாரியிலே நம் மைதானம் குளமாவதைக் கண்டவர்க்கு அக்காட்சியை விரித்துரைக்க வேண்டா. வெறுங்கால்கள் வழுக்கின, சப்பாத்துகள் நின்றன. மூன்று கோல்களால் மோகன் பகான் தோற்றது. அதே ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை அடைந்த முதல் இந்தியச் சங்கம் என்னும் பெருமையைப் பெற்று, அங்கும் டரம் படைப்பிரிவினரிடம் நான்குக்கு ஒன்றாகத் தோற்றுத் திரும்பியது.

1925-இல் மற்றொரு வகைத் துயர் வந்தது. கிழக்கு வங்கத்தாரின் சங்கமாக 1920-இல் எழுந்த ஈஸ்ட் பெங்கால், லீக்கின் முதற்பிரிவுக்கு வந்து, மே 28-ஆம் நாள் நடந்த முதல் லீக் ஆட்டத்திலேயே மோகன் பகானை ஒரு கோலால் வென்றது. தோற்ற குழுவின் மதிலாக நின்றவரோ கிழக்கு வங்கத்திற் பிறந்தவர்! பிறந்த மண் ஒருபுறமும் வளர்த்த சங்கம் ஒருபுறமும் ஆக, அவர் சங்கத்தின்பக்கம் நின்றார். மணமாகிப் புகுந்த ஊரின் பாடசாலைக்காகத் தன் பழைய பாடசாலையின் பிள்ளைகளுக்கெதிரே கைதட்ட நேர்ந்தவர் நம்முள்ளும் உளர். அவர்க்கு இஃது எளிதில் விளங்கும். அவ்வாண்டே டூரண்ட் கிண்ணப் போட்டிக்கு முதன்முறையாக அழைக்கப்பட்டு, அரையிறுதியளவும் சென்று அங்கும் தோற்றனர்.

இனி, பின்தொடர்ந்த மக்கள் இத்தோல்விகளை எங்ஙனம் பொறுத்தனர் என்பதைப் பார்ப்போம். முதலில் மழையைப் பழித்தனர். அடுத்து மத்தியஸ்தரைப் பழித்தனர். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆட்சியாளரின் சங்கத்துக்கு எதிரே ஆட்சியாளரின் மத்தியஸ்தர் குழலூதிய காலம் அது. எனினும் முழு உண்மை அதுவன்று என்பதே நம் கருத்து. 1934-இல் மொகமடன் ஸ்போர்ட்டிங் சங்கம் லீக்கை வென்றது. இந்தியச் சங்கமொன்று அதனை வென்றது அதுவே முதன்முறை. 1938 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது வென்றனர். அவர்களுக்கும் அதே மழையே பெய்தது, குழலூதியவரும் அவரே. அவர்கள் ஈரத்திடலிலே சப்பாத்தணிந்து ஆடினர். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் வல்லாரைத் தேடி அழைத்தனர். வெறுங்காலைப் பெருமையெனக் கொண்ட நெஞ்சு, அப்பெருமைக்கு விலையாகப் பல ஆண்டுகளைக் கொடுத்தது. இதனைக் கோஷ்டபாலரின் புகழைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. தோல்விக்குக் காரணம் தேடுவோர் தம் வீட்டுக்குள்ளும் தேடுதல் நன்று. நம் கல்லூரிக் குழு பிந்திய அரைநேரத்தில் களைத்துப் போவதற்குக் காற்று மட்டுமே காரணமன்று.

இவ்வளவும் பழித்த அம்மக்களே, அடுத்த ஆட்டத்துக்கும் வந்தனர் என்பதுதான் நாம் வியப்பது. கட்டணம் கொடுக்க இயலாதார் வில்லியம் கோட்டையின் கரைமேட்டில் நின்று பார்த்தனர். கோல் அடித்தவரை வாழ்த்தக் கிடைக்காத நாட்களிலே, கோலைத் தடுத்தவரை வாழ்த்தக் கற்றனர். முன்னணியாரின் புகழ் ஆண்டுக்கு ஆண்டு மாறியபோதும் பின்காவலரின் புகழ் மாறாது வளர்ந்தமைக்கு இதுவே காரணம் என எண்ணுகிறோம். வெல்லும் குழுவிலே பின்காவலரை எவரும் கவனியார். தோற்கும் குழுவிலேதான் ஆறு கோலாக வேண்டியதை ஒன்றாகக் குறைத்தவர் யார் என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியும்.

அவ்வன்பு எல்லை கடந்ததும் உண்டு. கோஷ்டபாலர் களம் நீங்கி நெடுங்காலத்தின் பின், 1975 செப்டெம்பர் 30-ஆம் நாள், கேடய இறுதியாட்டத்திலே ஈஸ்ட் பெங்காலிடம் ஐந்து கோல்களால் மோகன் பகான் தோற்றபோது, அதனைத் தாங்கமாட்டாத இளைஞர் ஒருவர் தம் உயிரையே நீக்கிக்கொண்டார். இதனைப் பற்றின் உச்சமெனப் புகழ்வாரோடு நாம் உடன்படோம். இருபத்திரண்டு ஆண்டுகள் தோற்றும் மறுநாட் காலையிற் பயிற்சிக்குச் சென்ற ஒருவரைக் கொண்டாடிய சங்கத்திலே, அவ்விளைஞருக்கு அதனை எடுத்துரைக்க ஒருவர் அன்று அருகில் இல்லாது போயினரே என்பதே நம் துயரம்.

இலங்கையரான நமக்குக் கோஷ்டபாலர் முற்றிலும் அயலாரல்லர். 1933-இல் இந்தியக் குழுவொன்று இலங்கைக்கு வந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவரே. கொழும்பிலே இலங்கைக் குழுவை ஒரு கோலால் வென்றனர். சங்கத்துக்காகப் பெறாததை நாட்டுக்காக நம் மண்ணிற் பெற்றார் எனலாம்; அன்று தோற்று நின்றோர் நம்மவர். இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றம் இன்னும் பெருகாத காலம் அது.

1935-இல் அவர் விளையாட்டைத் துறந்தார். கல்கத்தாச் சங்கத்துடனான ஆட்டமொன்றிலே மத்தியஸ்தரின் தீர்ப்புகளை ஏற்க மனமின்றி, மோகன் பகான் ஆட்டக்காரர் திடலிலேயே படுத்துவிட்டனர் என்றும், அதன்பின் அவர் மீண்டும் களம் புகவில்லை என்றும் கூறுவர். எதிர்த்துக் கைநீட்டாமல், திடலை விட்டு ஓடாமல், படுத்தே மறுத்தமை அக்காலத்துச் சத்தியாக்கிரக நெறிக்கு ஒத்ததே.

நான்கு ஆண்டுகளின் பின், 1939-இல், மோகன் பகான் முதன்முறையாக லீக்கை வென்றது. நாற்பத்துமூன்றாவது வயதை எட்டிய கோஷ்டபாலர் அப்பதினொருவருள் இல்லை. கேடயம் மீண்டும் வந்தது 1947-இல். 1911 முதல் எண்ணின் முப்பத்தாறு ஆண்டுகள். முதல் வெற்றியைக் காற்றாடி பார்த்து அறிந்த சிறுவர் பலர் அப்பொழுது பேரர் கண்டிருப்பர்.

1962-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. உதைபந்தாட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. விழாவுக்குரிய உடை அணிந்து வருமாறு கேட்கப்பட்டபோது, வேட்டியும் சட்டையுமாகவே வருவேன், அன்றேல் வரேன் என்று அவர் நின்றதாகவும், அங்ஙனமே அனுமதி கிடைத்ததாகவும் கூறுவர். சப்பாத்தணிந்தாரை வெறுங்காலால் எதிர்த்தவர் உடைக்கு அஞ்சுவாரோ!

1976 ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் மறைந்தார். 1998-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. கல்கத்தாவின் பெருந்திடலிலே, ஈடன் தோட்டத்துக்கு அண்மையில், அவருடைய சிலை நிற்கிறது. அத்தெருவுக்கும் அவர் பெயரையே இட்டுள்ளனர். மோகன் பகான் மைதானம் அத்தெருவிலேயே உள்ளது. ஆட்டம் முடிந்து திரும்பும் கூட்டம், கணக்கு எதுவாயினும், அவர் பெயர் தாங்கிய தெருவழியே வீடு செல்கிறது.