அட்டையில் ஓட்டை போட்டு நாட்டை எண்ணியவர்

நமக்கெல்லாம் வருசா வருசம் பிறந்தநாள் வரும். ஆனால் இவருக்கு நாலு வருசத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஏன் தெரியுமா? இவர் பிறந்தது 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி. இவர் பெயர் ஹெர்மன் ஹொலரித். ஊர் அமெரிக்காவில் உள்ள பஃபலோ. அப்பா, அம்மா ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறியவங்க. இவருக்கு 7 வயசு இருக்கும்போதே அப்பா இறந்துட்டார்.

சின்ன வயசில் இவருக்கு ஸ்பெல்லிங் என்றாலே பயம். அந்தப் பாடவேளை வந்தால் வகுப்பை விட்டு ஓடிப் போயிடுவாராம். அதனால் தனியாக ஒரு பாதிரியாரிடம் படித்தார். அப்படிப்பட்டவர் 19 வயசிலேயே, 1879-இல், கொலம்பியாவில் இன்ஜினியர் பட்டம் வாங்கினார்!

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவில் 10 வருசத்துக்கு ஒரு முறை மக்களை எண்ணியே ஆகணும். அது சட்டம். 1880-இல் அங்கே 5 கோடி பேர் இருந்தாங்க. எல்லாருடைய விவரத்தையும் கையாலேயே கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணினாங்க. முடிக்க 7, 8 வருசம் ஆயிடுச்சு. ஜனங்க பெருகிக்கிட்டே போனால் ஒரு கணக்கு முடியும் முன்னே அடுத்த கணக்கு வந்துவிடும். அப்புறம் எண்ணி என்ன பிரயோஜனம்?

இதற்கு ஒரு மெஷின் வேணும் என்ற யோசனையை ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற டாக்டர் கொடுத்தார். ஹொலரித் அதை விடவில்லை. ஒருநாள் ரயிலில் போகும்போது, டிக்கெட் பரிசோதகர் பயணியின் முடி நிறம், கண் நிறத்துக்கு ஏற்றபடி டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பார்த்தார். உடனே வழி கிடைத்துவிட்டது!

ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. ஆணா, பெண்ணா, வயசு என்ன, கல்யாணம் ஆனவரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடத்தில் ஓட்டை. அட்டையை மெஷினில் வைத்து அழுத்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி உள்ளே போய்ப் பாதரசத்தைத் தொடும். கரண்ட் பாயும். கடிகாரம் மாதிரி இருக்கும் முள் ஒன்று நகரும். அவ்வளவுதான், எண்ணியாச்சு!

1890 கணக்கெடுப்புக்கு முன்னாடி ஒரு போட்டி வைத்தாங்க. மொத்தம் 3 பேர். ஒரே விவரத்தை எண்ணிக் கூட்ட ஒருவருக்கு 55 மணி நேரம், இன்னொருவருக்கு 44 மணி நேரம் ஆனது. ஹொலரித்துக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் ஐந்தரை மணி நேரம்! மெஷின் வேலைக்கு வந்தது. 6 கோடியே 26 லட்சம் பேர் என்று அந்த வருசமே அறிவிச்சுட்டாங்க. அட்டையில் ஓட்டை போட்டு உழைத்தவர்களில் நிறைய பேர் பெண்கள்.

1896-இல் ஹொலரித் சொந்தக் கம்பெனி தொடங்கினார். மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டார். வாடகை அதிகம் என்று அரசாங்கத்தோடு தகராறு வந்தது. 1910-இல் அரசாங்கம் தானே மெஷின் செய்துகொண்டது. 1911-இல் அவர் கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது. அதுதான் 1924 முதல் ஐ.பி.எம். என்று உலகத்துக்கே தெரிந்த கம்ப்யூட்டர் கம்பெனி. ஹொலரித் 1929-இல் காலமானார். அதற்குப் பிறகும் பல வருசம் கம்ப்யூட்டருக்குள் விவரம் போனது ஓட்டை அட்டை வழியாகத்தான்.

நண்பர்களே! கணக்கெடுப்புக்கு நம்ம சார், டீச்சர்தான் வீடு வீடாக அலைவாங்க. வந்தால் சலிச்சுக்காமல் சரியான பதில் சொல்லுங்க. மெஷின் எவ்வளவு வேகமாக எண்ணினாலும், நாம் சொல்வதைத்தான் எண்ணும். நம்ம வீட்டில் ஒருத்தர் விட்டுப் போனால் அதுக்குத் தெரியாது.