மனுக் கேட்ட லிங்கன்

அமெரிக்காவில் கென்டக்கி ராஜ்யத்தில், மரக்கட்டைக் குடிசை ஒன்றில், 1809-ம் ஆண்டு பிறந்தார் ஆபிரகாம் லிங்கன். தகப்பனார் ஏழைக் குடியானவர். லிங்கன் பள்ளிக்கூடம் சென்ற நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓர் ஆண்டு ஆகாது. தாமாகவே படித்து வக்கீல் ஆனார். 1861-ல் ஜனாதிபதி ஆனார்.

அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது.

போருக்கு நடுவிலும் வெள்ளை மாளிகையில் யாரும் வந்து அவரிடம் நேரில் மனுச் சொல்லலாம். வேலை கேட்பவர்கள், பட்டாளத்துக்கு மகனை அனுப்பிய தாய்மார்கள் எல்லோரும் காத்து நின்றார்கள். நேரம் வீணாகிறதே என்று காரியதரிசிகள் தடுத்துப் பார்த்தார்கள். லிங்கன் கேட்கவில்லை.

அதே 1861-ல் வில்லியம் ஸ்காட் என்ற சிப்பாய் காவல் வேளையில் தூங்கிவிட்டான். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கூட இருந்த சிப்பாய்கள் மன்னிப்புக் கோரி மனுச் செய்தார்கள். லிங்கன் உயிர்ப்பிச்சை அளித்தார்.

இப்படி இரக்கம் காட்டினால் பட்டாளத்தில் கட்டுப்பாடு குலையும் என்று தளபதிகள் சிலர் குறைபட்டார்கள். ஆனால் அடுத்த ஏப்ரலில் அந்த ஸ்காட் போர்க்களத்தில் முன்னேறிச் சென்று, குண்டடிபட்டு உயிர் கொடுத்தான்.

1865 ஏப்ரல் 14 இரவு, நாடகக் கொட்டகையில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை காலமானார். அவர் உடலைக் கொண்டுசென்ற ரயிலைக் காண, வழிநெடுகச் சாதாரண ஜனங்கள் கண்ணீருடன் நின்றார்கள்.