எரியாத எழுத்து

காசி நகருக்கு அருகே லமகி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1880ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் தன்பத் ராய் பிறந்தார். பின்னாளில் பிரேம்சந்த் என்று நாடு போற்றிய நாவலாசிரியர் இவரே. இவருடைய தந்தையார் அஞ்சல் அலுவலக எழுத்தர். இவர் இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையாரின் பணிமாற்றத்தால் கோரக்பூரில் வாழ நேர்ந்தது.

தாயற்ற சிறுவனுக்குக் கதைகளே துணையாயின. நூல் வாங்கக் கையில் காசில்லை. ஆதலால் புத்தக வணிகர் ஒருவருடைய பாடக் கையேடுகளைத் தம் பள்ளித் தோழர்களிடம் விற்றுக் கொடுத்தார். அதற்குக் கைம்மாறாக அவ்வணிகரிடம் நாவல்களைப் பெற்றுப் படித்தார். இவ்வாறு உருது மொழியில் வெளிவந்த நாவல்கள் பலவற்றைக் கற்றார். பதின்மூன்று வயதளவில் உறவினர் ஒருவரின் செயலை நகைச்சுவையாக எழுதினார். அந்த முதற்படைப்பு உறவினரின் கைக்கு எட்டியது. பின்னர் அது திரும்பக் கிடைக்கவேயில்லை.

1897இல் தந்தையாரும் மறைந்தார். குடும்பச் சுமை இளைஞரின் தோள்மீது விழுந்தது. அவர் ஆசிரியரானார், பின்னர்ப் பள்ளி ஆய்வாளராக உயர்ந்தார். சிற்றூர்கள்தோறும் சென்றபோது உழவரின் கடன் சுமையையும் பெண்களின் துயரையும் நேரில் கண்டார். கண்டவற்றை நவாப் ராய் என்னும் புனைபெயரில் உருது மொழியில் எழுதினார்.

1908இல் நாட்டுப்பற்றை ஊட்டும் அவருடைய ஐந்து கதைகள் ஒரு நூலாக வெளிவந்தன. ஆங்கில அரசு அதனை அரச நிந்தனை எனக் கருதியது. சுற்றுப்பயணத்தில் இருந்த அவரை மாவட்ட ஆட்சியர் அழைத்தார். அவர் மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து ஆட்சியரின் முன் நின்றார். விற்காமல் எஞ்சிய படிகள் தீக்கு இரையாயின. இனி எழுதுவதனைத்தையும் ஆட்சியரிடம் காட்ட வேண்டும் என்னும் ஆணையும் பிறந்தது.

எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டால் உள்ளம் வாடும். இந்நிலையில் இதழாசிரியராகிய நண்பர் தயா நாராயண் நிகம் ஒரு புதுப்பெயரைப் பரிந்துரைத்தார். 1910இல் பிரேம்சந்த் என்னும் பெயர் அச்சேறியது. எரிந்தது தாள், எழுத்து எரியவில்லை.

உருதுவில் எழுதிவந்தவர், மேலும் பலரைச் சென்றடைய இந்தியிலும் எழுதலானார். சேவாசதன் என்னும் நாவலை முதலில் உருதுவில் எழுதினார். ஆயினும் அது இந்தியில்தான் முந்தி வெளிவந்தது. அக்கதை 1938இல் தமிழ்த் திரைப்படமாயிற்று. கே. சுப்பிரமணியம் அதனை இயக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த முதற்படம் அதுவே.

1921இல் காந்தியடிகளின் உரையைக் கேட்ட பிரேம்சந்த், அரசுப் பணியைத் துறந்தார். அதன்பின் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. அச்சகம் நடத்தினார், 1930இல் ஹம்ஸ் என்னும் இதழைத் தொடங்கினார். இரண்டிலும் இழப்பே மிகுந்தது. எனினும் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

1936இல் கோதான் என்னும் நாவல் வெளிவந்தது. ஒரு பசுவை வளர்க்க விரும்பிய ஹோரி என்னும் ஏழை உழவனின் கதை அது. அரசர்களையும் மாயவித்தைகளையும் படித்து வளர்ந்த சிறுவர், இறுதியில் உழவனையே கதைத் தலைவனாக்கினார். அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற முந்நூறளவான சிறுகதைகளும் நாவல்களும் இன்றும் பல மொழிகளில் படிக்கப்படுகின்றன.

சொற்பொருள்

கைம்மாறு – பதிலுதவி
அரச நிந்தனை – அரசுக்கு எதிரான குற்றம்
எழுதுகோல் – பேனா

விடை எழுதுக

1. சிறுவர் தன்பத் ராய் நாவல்களை எவ்வாறு பெற்றுப் படித்தார்?
2. அவர் புதுப்பெயர் ஏற்கக் காரணம் யாது?
3. நீ வீட்டில் பேசும் மொழியிலும் பள்ளியில் கற்கும் மொழியிலும் ஒரே நிகழ்ச்சியை ஐந்து வரிகளில் எழுதுக.